பின்னால் இருக்கும் இரண்டு

"வண்டியில கழட்டுன பழைய ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கொண்டாந்து காட்டுங்க, பத்ரினோ."

யரேலி கேட்டேவிட்டாள். யாரிடம் வேண்டுமானாலும் கேள், உன் ஞானத்தகப்பனிடம் மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா ரெஃபூகியோ வழிநெடுகச் சொல்லியிருந்தார். தெலீசியாஸ் ஊரில் பாதி உறவு இப்படிக் கேட்காமல் இருப்பதில்தான் நிற்கிறது. பிள்ளையின் அப்பாவும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் அழைப்பார்கள். கொம்பாத்ரே கை வைத்த வண்டியைச் சோதிப்பது, அவர் வீட்டு விருந்தில் தட்டை முகர்ந்து பார்ப்பது மாதிரி.

அந்த ஞானத்தகப்பன், மெக்கானிக் இலாரியோ, கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. ஒரு காப்பி டப்பாவைப் பெஞ்சில் கவிழ்த்தார்.

"இஞ்சினியரம்மா இன்னிக்கு சோதனைக்கு வந்திருக்காங்க, கொம்பாத்ரே. எண்ணிக்கச் சொல்லு."

கரி பிடித்த எட்டு பிளக். எட்டையும் மாற்றியாயிற்று என்று அவர் சொன்ன கணக்கு சரி. ஆனால் பட்டறையில் பழைய பிளக்குக்கா பஞ்சம்?

போன மாதம் மலைச்சாலையில் அப்பாவின் பிக்கப் பிளக் கெட்டு இருமி இருமி, ஒரு வளைவில் நின்று, மிளகாய் மூட்டைகளோடு பின்னால் உருண்டது. ஒரு பாறை தடுத்ததால் அப்பா உயிரோடு இருக்கிறார். திங்கட்கிழமை அதே மலை, அதைவிடக் கனமான சுமை. எட்டு சிலிண்டரில் கடைசி இரண்டின் பிளக்குகள் முன்கண்ணாடிக்கு அடியில், தகரத்துக்குள் பதுங்கியிருப்பவை. கண்ணுக்குத் தெரியாது, தோல் உரியக் கையை நுழைத்துத் தடவித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பாதி உடைந்து உள்ளேயே தங்கிவிடும்.

வீட்டின் முதல் பட்டதாரியான யரேலிக்கு வயர் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. அங்கே முடுக்கிய போல்ட்டின் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போடுவார்கள். யாராவது திருகினால் கோடு முறிந்துவிடும். நேற்றுக் காலை, வண்டி பட்டறைக்கு வரும் முன், அப்பா குளிக்கப் போன நேரத்தில், பின்பக்கப் பிளக்குகளின் மேல் உட்காரும் இக்னிஷன் காயில்களின் போல்ட்டுகள் இரண்டிலும் அவள் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டிருந்தாள். அவற்றைக் கழற்றாமல் பிளக்கைத் தொட முடியாது.

வெளியே நின்ற வண்டியின் மேல் குனிந்து, முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே நீட்டி, செல்போன் வெளிச்சம் அடித்தாள். வலதுபக்கக் கோடு அப்படியே இருந்தது. இடதிலும் அப்படியே, மேலே தூசியோடு.

திரும்பி வந்தாள். "பின்னாடி ரெண்டையும் நீங்க தொடவே இல்ல."

இலாரியோ அவளைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தை ஆராய்ந்தார். இத்தனை நேரம் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

"அவன் கை நடுங்குதும்மா. நான்தான் விட்டுடச் சொன்னேன்" என்றார் அப்பா.

"எத்தனை நாளா?"

மூன்று வருடமாம். வேறு பட்டறைக்குப் போனால் கொம்பாத்ரேயின் கை போய்விட்டது என்று ஊரே பேசுமாம். இலாரியோ கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டார்.

"யாராச்சும் கேட்டா காட்டலாம்னு வேற வண்டியோட பழசு ரெண்டு சேர்த்து வச்சிருந்தேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார்.

யரேலி அலமாரியில் பிரிக்காமல் கிடந்த இரண்டு புதுப் பிளக்குகளைக் கைப்பையில் போட்டாள். ஆணியில் தொங்கிய பிக்கப் சாவியை எடுத்தாள்.

"உன்னை ஞானஸ்நானத்துல தூக்கிப் பிடிச்ச கை அது" என்றார் அப்பா.

"தெரியும். அப்ப நடுங்கல."

அந்த இரண்டையும் மாட்ட நெடுஞ்சாலையில் இருக்கும் வேறு பட்டறைக்குத்தான் போக வேண்டும்; அதற்கு இரண்டு வழி உண்டு. சந்து வழியாகப் போனால் வண்டி யார் கண்ணிலும் படாது. அவள் ஊரே பார்க்கும் மாதா கோயில் தெரு வழியாகப் போவதென்று முடிவு செய்துதான் வாசலைத் தாண்டினாள்.