தண்ணீர் குடிக்காத நடத்துநர்

பேருந்து பாங்கப்பி சந்தையைத் தாண்டுவதற்குள்ளாகவே, அது மீண்டும் வந்துவிட்டதென்று ராம்பைக்குத் தெரிந்துவிட்டது. அடிவயிற்றில் முதலில் ஒரு கனம். பிறகு, உள்ளே யாரோ மெல்லிய கம்பியொன்றைக் காய்ச்சி வைத்தாற்போன்ற எரிச்சல். சோங்கிரான் புத்தாண்டுப் பண்டிகை முடிந்து மழை தொடங்குவதற்குள் இது மூன்றாவது முறை.

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், கையிலிருந்த நீண்ட தகரக் குழலின் மூடியைத் திறந்து மூடி, டக் டக்கென்று ஒலியெழுப்பியபடி அவள் இருக்கைகளுக்கு நடுவே நடந்தாள். அந்த ஒலியைக் கேட்டதும் பயணிகள் தாமாகவே சில்லறையை நீட்டுவார்கள். அவள் குழலுக்குள்ளிருந்து சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். வாயைத் திறக்கவே வேண்டாத வேலை. ஓட்டுநர் சாயனோடும் அப்படித்தான். ஆறு ஆண்டுகளாக ஒரே சிவப்புப் பேருந்து. குழலால் கம்பியை ஒருமுறை தட்டினால் நிறுத்துவார். இருமுறை தட்டினால் எடுப்பார். அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்களென்று அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டில் ஒருவரும் இல்லையென்பது அவருக்குத் தெரியுமா என்பதும் தெரியாது.

மீன்புரியிலிருந்து ஆற்றுத்துறை வரை செல்லும் வழித்தடம் அது. லாட் ப்ராவ் சாலையின் நெரிசலில் அகப்பட்டுக்கொண்டால் அரைநாள் அதிலேயே போய்விடும். நடுவில் இறங்கிக் கழிப்பறைக்குப் போக வழியில்லை. ஆகவே, காலையில் ஒட்டரிசிச் சோறு தொண்டையில் இறங்குவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நீரே அவள் குடிப்பாள். நாக்கு உலர்ந்தால் ஒரு புளிமிட்டாய். சொல்லக் கூசும் செய்திதான், ஆயினும் சொல்லியாக வேண்டும்: பணிமனையின் பெண் நடத்துநர்கள் பலரையும் போல, முதியவர்களுக்கென்று விற்கும் டயப்பரைக் கட்டிக்கொண்டுதான் அவளும் வண்டி ஏறுவாள். வாங்கும்போது கடைக்காரியிடம், "எங்க அப்பாவுக்கு" என்பாள். அப்பா இறந்து நெடுநாளாகிவிட்டது.

அன்று பிற்பகல் பணிமனைக் கழிப்பறையிலிருந்து அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, இன்னொரு நடத்துநரான ஒராதை கண்ணாடியில் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, திரும்பவும் நீர்க்கடுப்பா?"

"கொஞ்சம்."

"போன மாசந்தானே வந்துச்சு? அடிக்கடி வந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்குமாமே." ஒராதை கண்ணாடி வழியாகவே கண்ணடித்தாள். "யாருக்கா அந்தப் புண்ணியவான்? எங்ககிட்டயெல்லாம் காட்ட மாட்டியா?"

வரிசையில் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். ராம்பையும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் உண்மையென்று ஆகிவிடும். கணவன் அவளை விட்டுப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பின் அவளுடைய தோளைத் தொட்டவர்கள், கூட்டத்தில் இடித்துக்கொண்டு இறங்கும் பயணிகள் மட்டுமே. இல்லாத துணையின் பெயரால் பழி வந்து சேருவதை எண்ணியபோது, எரிச்சலைவிட அதுவே அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

வழக்கம்போலவே சந்து முனை மருந்துக்கடைக்குச் சென்று, "அழற்சி மாத்திரை குடுங்க" என்றாள். கிருமிக்கொல்லி மருந்தை அந்த வட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். வயிறு எரிந்தாலும் தொண்டை வலித்தாலும் முதுகு பிடித்தாலும் அதே பெயர். எதற்கென்று கடைக்காரரும் கேட்பதில்லை. இரண்டு நாள் விழுங்கினாள், எரிச்சல் அடங்கியது. அடங்கியதும் நிறுத்திவிட்டு, எஞ்சியதை முகப்பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள், அடுத்த முறைக்கு ஆகுமென்று. நோய் போய்விட்ட பிறகு மருந்தை விழுங்குவது வீண் என்பது அவள் கணக்கு.

சொந்த ஊரான ஊபோனிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"சாப்ட்டியாக்கா?"

"ஆச்சு."

"ஒடம்பெல்லாம்?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

பேசி முடித்தபின், மின்விசிறியின் ஒலி மட்டும் அறையில் எஞ்சியது. ஒரே தட்டு, ஒரே குவளை, சுவரில் மாட்டிய சீருடை.

விடுமுறை நாளன்று குளிர்க்காய்ச்சல் தொடங்கியது. கொளுத்தும் வெயிலில், இரண்டு போர்வைக்குள் அவள் பற்கள் அடித்துக்கொண்டன. விலாவுக்குப் பின்னால், ஒரு பக்கம் மட்டும், குத்துப்பட்டதைப் போன்ற வலி. டப்பாவில் இருந்த மிச்ச மாத்திரைகள் வாந்தியோடு வந்துவிட்டன. தட்டுத்தடுமாறி எழுந்து, வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து, ஓட்டுபவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

மருத்துவர் இளம்பெண். சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுத் திரையை இழுத்து மூடினாள்.

"கூட யாரு வந்திருக்காங்க அக்கா?"

"யாரும் இல்லீங்க டாக்டர்."

"சரி. இது மேல ஏறி சிறுநீரகத்துக்குப் போயிடுச்சு. ஊசி போடுறேன், இன்னிக்கு இங்கயே படுத்திருங்க. நாளைக்கும் காய்ச்சல் எறங்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். இதுக்கு முன்னயும் வந்திருக்குமே, மாத்திரைய எத்தன நாளு சாப்டுவீங்க வழக்கமா?"

"வலி நிக்கிற வரைக்கும்."

"அங்கதான் தப்பு. வலி நிக்கும், கிருமி நிக்காது. பாதியில விட்டா, அடுத்த வாட்டி அதே மருந்துக்கு அது பயப்படாது. இந்தத் தடவ கடைசி மாத்திர வரைக்கும் முழுங்கணும். மாதவிலக்கு நின்னுடுச்சா?"

ராம்பை ஆமென்று தலையசைத்தாள்.

"அந்த வயசுக்கு மேல அந்த எடம் வறண்டு போகும், கிருமி சுலபமா ஒட்டிக்கும். இது உங்க குத்தம் இல்ல. அதுக்கு ஒரு களிம்பு தர்றேன். கழுவுறப்ப முன்னாலருந்து பின்னால. உள்ளாட பருத்தியா இருக்கட்டும்." மருத்துவர் எழுதிக்கொண்டே கேட்டாள். "தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

ராம்பை தரையைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். புளிமிட்டாயை, டயப்பரை, இல்லாத அப்பாவை. இத்தனை சொற்களைத் தொடர்ச்சியாக அவள் பேசியே வெகுநாளாயிற்று.

மருத்துவர் சிரிக்கவில்லை. "நாள் பூரா அதுக்குள்ளயே ஈரத்துல இருக்கக் கூடாதுக்கா. நல்லா தண்ணி குடிக்கணும், மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போயே ஆகணும். அடக்கக் கூடாது. இப்பிடியே வந்துக்கிட்டிருந்தா சிறுநீரகம் தாங்காது. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

"டிரைவர் அண்ணன்கிட்டயா?"

"வேற யார்கிட்ட?"

காய்ச்சல் இறங்கி வேலைக்குத் திரும்பிய பின், மருந்தைக் கடைசி வரை விழுங்குவது கடினமாக இல்லை. தண்ணீர்கூடக் கடினமில்லை. சாயனிடம் சொல்வதுதான் நடக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அவர் வண்டியின் முகப்பில் குடியிருப்பதாக நம்பும் காவல் தெய்வத் தாய்க்கு மாலை சாத்திக் கைகூப்பி முடிக்கும்வரை அருகிலேயே நிற்பாள். சொல் தொண்டை வரை வரும். அவர் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விடும். அவள் நல்லூழோ என்னவோ, அந்த வாரம் முழுவதும் சாலை நெரிசலின்றி இருந்தது. வழித்தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தாங்கிக்கொள்ள முடிந்தது.

பிறகு மழை பெய்தது. லாட் ப்ராவ் சாலை குளமானது. கார்கள் ஒன்றன் பின்னொன்றாக விளக்கெரிய நின்றுவிட, பேருந்து அசையவில்லை. காலையிலிருந்து அவள் இரண்டு புட்டி நீர் குடித்திருந்தாள். உள்ளே டயப்பரும் இல்லை. முதலில் கால்களைச் சேர்த்து நின்றாள். அடுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அடிவயிற்றில் அந்தப் பழைய கனம் திரண்டபோது, போர்வைக்குள் பற்கள் அடித்துக்கொண்ட பகல் அவளுக்கு நினைவு வந்தது.

குழலால் கம்பியை ஒருமுறை தட்டினாள்.

"நிக்கத்தானே நிக்குது!" என்றார் சாயன், திரும்பாமலேயே. "இதுக்கு மேல எங்க நிறுத்துறது?"

அவள் முன்னால் நடந்து போனாள். "அண்ணே, அந்தப் பெட்ரோல் பங்க் பக்கமா ஒதுக்குங்க. கதவத் தொறங்க."

"என்னத்துக்கு?"

"ஒண்ணுக்குப் போகணும்."

முன்னிருக்கையிலிருந்த பள்ளிச் சிறுமிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு கிழவர், "இந்த மழையில நாம எப்ப வீடு போய்ச் சேரப்போறோம்? போயிட்டு வாம்மா, வண்டி எங்க போயிடப் போகுது!" என்று உரக்கச் சொல்ல, பேருந்து முழுவதும் சிரித்தது. ராம்பையின் காது வரை சூடேறியது. கதவு திறந்தது. கணுக்கால் அளவு நீரில் இறங்கி ஓடினாள்.

திரும்பி வந்தபோது பேருந்து அங்கே இல்லை.

பெட்ரோல் நிலையக் கூரைக்கடியில், குழலை மார்போடு அணைத்தபடி அவள் நின்றாள். விட்டுவிட்டுப் போய்விட்டார். கிழவரும் பள்ளிச் சிறுமிகளும் அதே வண்டியோடு போய்விட்டார்கள். அழலாமென்றிருந்தது. ஆனால் உடம்பு அழ ஒப்பவில்லை. எரிச்சலின்றி, கனமின்றி, அது வேறு யாருடையதோ போல இலேசாக இருந்தது. வேலை நேரத்தில் இந்த இலேசு அவளுக்குப் பழக்கமேயில்லை.

கார்களின் ஓரமாக மழையில் நடந்தாள். சிறிது தொலைவிலேயே, பேருந்து நிறுத்தத்தின் கொட்டகைக்கருகில் சிவப்பு வண்டி தெரிந்தது. காவலர் விரட்டியதால் அதுவரை நகர்ந்திருந்தது. கதவு திறந்தேயிருந்தது.

அவள் ஏறியதும் சாயன் துடைக்கும் துணியை நீட்டினார்.

"நான் அதுக்குன்னு சீட்டுக்கடியில ஒரு பாட்டில் வச்சிருக்கேன்," என்றார், எதிரே பார்த்தபடி, தாழ்ந்த குரலில். "ஆறு வருஷமா. நீ எங்க போறேன்னு நான் யோசிச்சதே இல்ல பாரு."

"யோசிக்க வேணாம்ண்ணே. நிறுத்தினா போதும்."

"தெனமும் முடியாது. நேரம் பிந்துனா டிப்போல என்னதான் கடிப்பானுங்க."

"முடியாதப்ப முடியாதுன்னு சொல்லுங்க. நான் தெனமும் கேப்பேன்."

ராம்பை ஈரத் துணியை மடித்து அவர் பக்கத்தில் வைத்தாள். புதிதாக ஏறியிருந்தவர்கள் பின்னால் சில்லறையோடு காத்திருந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து மூடி ஒலியெழுப்பியபடி, நனைந்த சீருடையோடு அவள் அவர்களை நோக்கி நடந்தாள்.