மூன்று பச்சைக் குறிகள்

"பார்த்தேன்னு சொல்றேன்ல—"

"பார்க்கலக்கா. பார்த்திருந்தா—"

"என்னை முழுசாப் பேச விடறியா நீ?"

"—பார்த்திருந்தா கிழிச்சிருப்பீங்க!"

மீட்டிங் அறையின் கண்ணாடிக் கதவை அவள் இழுத்துச் சாத்தினாள். குழுவில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். யார் கம்ப்யூட்டர் நிரல் எழுதி, சரிபார்க்கச் சொல்லி ரிவியூவுக்கு அனுப்பினாலும் வரிவரியாக வெட்டித்தான் திருப்புவாள். எதிரே நின்ற அவன் சேர்ந்த புதிதில் அவளிடம் வாங்கிய திட்டுக்கு அளவில்லை. மனைவி இறந்து, விடுப்பு முடிந்து அவன் திரும்பிய பிறகு எல்லாம் மாறிப்போனது. எதை அனுப்பினாலும் டீ ஆறுவதற்குள், சரிபார்க்கும் மூன்று பேரும் ஒப்புதலாகப் போடும் பச்சைக் குறி விழுந்துவிடும். ஒரு கேள்வி கிடையாது, ஒரு நொட்டை கிடையாது. துக்கம் விசாரிக்கிறவர்கள் கையைப் பிடித்துவிட்டு நகர்வதைப் போல.

"இன்னிக்கு அனுப்பினதுல மருந்தளவைப் பத்தால பெருக்கி வெச்சிருந்தேன். வேணும்னேதான். மூணு பேரும் ஓகே போட்டுட்டீங்க."

நோயாளியின் எடைக்கேற்ப மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் ஆஸ்பத்திரி பம்புக்கான நிரல் அது. அவள் முகம் வெளுத்தது.

"பாவி! வெளிய போயிருந்தா?"

"நானே எடுத்துட்டேன். ஆனா தெரியாமச் செய்யறதை யாருக்கா எடுப்பாங்க? தூக்கமே இல்ல. நான் எழுதினது எனக்கே யாரோ எழுதின மாதிரி இருக்கு. உங்க கால்ல வேணா விழறேன், பழையபடி திட்டுங்க."

"உன் மூஞ்சியைப் பார்த்தா வாய் வரலையேடா."

"எனக்குப் பாவம் பார்க்கறீங்க. அந்தக் கட்டில்ல படுத்திருக்கறவங்களுக்கு?"

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். இந்த முறை முதல் வரியிலிருந்து படித்தாள். "இது என்ன பேரு, வாய்ல நுழையுதா?" என்று நிரலில் அவன் வைத்திருந்த ஒரு பெயரைக் காட்டி முணுமுணுத்தாள். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிறகு முணுமுணுப்பு நின்றது. திரையில் மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள்.

"நர்ஸ் எடையைப் போடாம விட்டா என்ன ஆகும்?"

"பம்பு நின்னு, எடை கேக்கும்."

"கேக்கலையே. அதே கட்டில்ல முன்னாடி படுத்திருந்தவரோட எடையை எடுத்துக்குதே."

அவன் குனிந்து பார்த்தான். அந்த வரிகள் இன்று எழுதியவை அல்ல. அவன் எழுதி, போன மாதமே எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் போய்ச் சேர்ந்தவை. பக்கத்தில் மூன்று பச்சைக் குறிகள், முதலாவது அவளுடையது.

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"இதையும் நீ வேணும்னுதானேடா வெச்சே?"