மேனேஜரின் கையெழுத்து

மாமனார் முன்னறையில் கிடத்தப்பட்டிருக்க, மருமகள் பின்வாசலில் பூனையைத் தேடிக்கொண்டிருந்தாள். கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கயிற்றுச் சுருள்களை நகர்த்திப் பார்த்தாள். காலி டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். எங்கேயும் காணோம்.

"என்னம்மா தேடுற?" என்று துக்கத்துக்கு வந்த ஒருத்தி கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா, வாளி."

வாளி அவள் கையிலேயே தொங்கியது. கேட்டவள் அதைப் பார்த்தாள், பாவம், அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதிர்ச்சிதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் காலையிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுவதற்கு இடமில்லாமல் நெஞ்சு முழுக்கப் பயம் அடைத்துக்கொண்டிருந்தது.

மாமனாருக்குச் சிப்பி வளர்ப்புதான் தொழில். ஆறு கடலில் சேரும் இடத்தில் மூங்கில் மிதவை கட்டி, அதிலிருந்து வரிசையாகக் கயிறுகளைத் தொங்கவிட்டிருந்தார். சிப்பிக் குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றி வைத்து, மெல்லிய துணியால் தைத்துத் தண்ணீரில் இறக்கிவிட்டால் போதும். துணி மட்கிப் போவதற்குள் குஞ்சுகள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். தீனி போட வேண்டாம், ஓடுகிற தண்ணீரைக் குடித்து வடிகட்டியே வளர்ந்துவிடும். வம்பும் அதில்தான் இருக்கிறது. சில சமயம் மழைக்குப் பின் வெயில் காய்ந்தால் தண்ணீரில் ஒரு விஷம் பரவும். அதைக் குடித்த சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, அதைத் தின்றவன் பாடுதான் திண்டாட்டம்: முதலில் நாக்கு குறுகுறுக்கும், அப்புறம் மூச்சே நின்றுபோகும். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது.

அதற்காக மனிதர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அறுவடை அன்று ஒரு கொத்தை வேகவைத்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு ஓடுகளை டக் டக்கென்று தட்டுவார். எந்த மூலையில் இருந்தாலும் பூனை ஓடி வந்துவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் மேனேஜர். முதல் சதை அதற்குத்தான். "மேனேஜர் கையெழுத்துப் போடட்டும்" என்பார். பிறகு தானும் தின்பார். அன்றைக்கு மூட்டைகள் கொட்டகையை விட்டு நகரக் கூடாது. "என் வயித்துல ஒரு ராத்திரி இருக்கட்டும். அப்புறம் ஊரார் வயித்துக்குப் போகட்டும்." காலையில் எழுந்து, பல் தேய்த்து, "ம், ஏத்து" என்று அவர் சொன்ன பிறகுதான் லாரிக்குச் சரக்கு போகும். மீன்வளத்துறைக்காரர்கள், ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், இப்படி வயிற்றை வைத்து விளையாடாதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். கேட்டால்தானே!

நேற்றும் தின்றார். பாதியில் நிறுத்தி, "நாக்கு நுனியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கேம்மா" என்றார்.

"மிளகு கொஞ்சம் கூடிப்போச்சு மாமா" என்று இவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மிச்சத்தை மேனேஜர் நக்கிக் காலி செய்தது. இன்று காலை அவர் எழுந்திருக்கவில்லை.

வந்து பார்த்த டாக்டர், "நான் பயந்துட்டே இருந்த இதயம்தாம்மா. தூக்கத்துலயே போயிட்டார், கொடுத்துவச்சவர்" என்றார். எறும்பு விஷயம் இவள் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் புருஷன் சுவரில் முட்டி அழுதுகொண்டிருந்தான். அவன் காதுபட எப்படிச் சொல்வது? முழுங்கிவிட்டாள்.

பூனை உயிரோடு கண்ணில் பட்டுவிட்டால் போதும், சிப்பியில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். அவளும் ஓடுகளைத் தட்டிப் பார்த்துவிட்டாள். வரவில்லை. எங்கேயாவது விறைத்துக் கிடக்கிறதோ?

அந்த நேரத்தில் லாரி வந்து நின்றது.

வியாபாரி முன்னறையில் தலைகுனிந்து நின்றார். பிறகு அவள் புருஷன் தோளில் கைபோட்டு வெளியே அழைத்து வந்தார். "கேக்கக் கூடாத நேரம்தான் தம்பி. ஆனா சரக்கு தாங்காது. வெயில் ஏறிட்டா வாயைப் பொளந்துடும். கல்யாண வீட்டுக்கு வேற சொல்லிவச்சிருக்கேன்."

"ஏத்திக்குங்கண்ணே" என்றான் அவன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அப்பா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லியிருப்பாராம்! சொல்லவில்லையே அவர்! வாளியைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். ஓடிப்போய், ஈரம் சொட்டுகிற மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னங்க, ஏத்தக் கூடாது. மாமா இன்னும் சொல்லல."

"உனக்கென்ன பைத்தியமா? இறங்கு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நேத்து தின்னும்போது நாக்குல எறும்பு ஊருதுன்னாரு. நான்தான் மிளகுன்னுட்டேன். காலையிலேர்ந்து பூனையையும் காணோம்."

பக்கத்து மிதவைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவள் சித்தப்பா என்று கூப்பிடுகிற மனிதர். "ஏம்மா, என்ன பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா? எல்லார் மிதவையும் ஒரே தண்ணியில கிடக்கு. இந்தப் பேச்சு வெளிய போச்சுன்னா ஒருத்தன் நம்ம சிப்பியைத் தொடுவானா? டாக்டரே இதயம்னு சொல்லிட்டாரு. எங்க பொழப்புல மண்ணைப் போடாதே."

"டாக்டருக்கு எறும்பைப் பத்தித் தெரியாது சித்தப்பா. நான் சொல்லல."

மூட்டைகளுக்குள் சிப்பிகள் ஓடுகளை மூடிக்கொள்கிற சின்னச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன் காலையிலேயே சொல்லல?" என்றான் புருஷன், மெதுவாக.

"நீங்க அழுதுட்டு இருந்தீங்க."

அவன் மூட்டைகளைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான். "அண்ணே, வண்டி காலியாவே போகட்டும்."

"தம்பி, கல்யாண வீடு..."

"அதுக்காகத்தாண்ணே சொல்றேன்."

அதன் பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குக் கனவில் நடப்பது போல இருந்தது. டாக்டர் திரும்ப வந்தார். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று மாமனார் உடம்பிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டார். ஒரு கொத்துச் சிப்பியையும் ஆய்வகத்துக்கு வாங்கிக்கொண்டு போனார். மூட்டைகளை மறுபடி தண்ணீரில் இறக்கிக் கட்டினார்கள். சித்தப்பா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பெண்கள் அவள் பக்கம் திரும்பித் திரும்பிக் கிசுகிசுத்தார்கள். மாமனாரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அவள் கண்கள் கூரைகளையும் மதில்களையும்தான் துழாவிக்கொண்டிருந்தன.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்து போனார்கள். வெயில் சாய்ந்திருந்தது. அவள் அடுப்படியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் டக் டக்கென்று சத்தம் கேட்டது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. புருஷன்தான். படியில் உட்கார்ந்து, நேற்றைய கிண்ணத்திலிருந்த இரண்டு ஓடுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறான். சத்தம் நின்றது. மறுபடி டக் டக். வேண்டாம், தட்டாதீங்க என்று கத்தத் தோன்றியது.

கொட்டகைத் தகரத்தின் மேல் தொப்பென்று ஏதோ குதித்தது.

"இந்தா, வந்துட்டாரு மேனேஜரு" என்றான் அவன்.

அவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். மேனேஜர்தான். கூட்டத்துக்குப் பயந்து நாள் முழுக்க எங்கே பதுங்கியிருந்ததோ, முதுகெல்லாம் ஒட்டடை. வாலைத் தூக்கிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் நடந்து வந்தது.

"அப்ப சிப்பி இல்ல" என்றான்.

"இல்ல போலிருக்கு. எதுக்கும் ஆய்வகத்துலேர்ந்து பதில் வரட்டுங்க."

"வரட்டும்." கையிலிருந்த ஓடுகளைப் புரட்டிக்கொண்டே, "அப்ப மிளகுதானா?" என்றான்.

"மிளகுதான். அள்ளிக் கொட்டிட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது விலகியதும், சிரிப்பின் நடுவிலேயே அவள் வாய் கோணியது. "மாமா" என்றாள். படியில் அப்படியே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் ஓடுகளைக் கீழே வைத்தான்.

மேனேஜர் இருவரையும் தாண்டிப் போய், காலியாகக் கிடந்த நாற்காலியின் முன்னால் உட்கார்ந்து, முதல் சதைக்காக நிமிர்ந்து பார்த்தது.