பதினைந்தாம் எண் சட்டை

"அந்தச் சீட்டை எடுத்துடு வெர்ன்."

"எதுக்கு எடுக்கணும்? மத்த கேள்வி மாதிரி அதுவும் ஒரு கேள்விதானே, அதை மட்டும்..."

"முன் வரிசைல ஆர்லீன் உக்காந்திருக்கா. புருஷன் போய் ஆறு மாசம் ஆகல. அவ மூஞ்சிக்கு நேரா..."

"லொரெய்ன், நான் பேசிட்டிருக்கேன்."

"நாப்பத்தஞ்சு வருஷமா நீதான் பேசிட்டிருக்க. இன்னிக்கு ஒரு நாள் என் பேச்சைக் கேளேன்."

பள்ளிக்கூட ஜிம்முக்குப் பின்னால் பந்துகள் அடுக்கும் அறை அது. லார்க்ஸ்ஃபோர்ட் வானொலியின் கூடைப்பந்து வர்ணனையாளர் வெர்ன் ஸ்டக்கி, பாப்கார்ன் வாளி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். ஆட்டப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை பிற்பகலில் ரசிகர்கள் சீட்டில் கேள்வி எழுதி அந்த வாளியில் போடுவார்கள். வெர்ன் எடுத்துப் படித்துப் பதில் சொல்வார். பக்கத்தில் லொரெய்ன் பெக் இருப்பாள். ஆட்டங்களிலும் அப்படித்தான். அவர் பேசுவார், அவள் புள்ளிக் கணக்கு எழுதுவாள். கல்யாணம் ஆனவர்கள்கூட இவ்வளவு சண்டை போடுவதில்லை என்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள அந்தச் சிற்றூர் முழுக்கக் கேலி செய்யும்.

சண்டைக்குக் காரணமான சீட்டு பென்சிலில், கோணல் எழுத்தில் இருந்தது. 'என் தாத்தா லோவெல் ஹென்ஸ்லி போட்ட கடைசிப் பந்துக்கு நீங்கள் ஏன் வேறு பெயரைச் சொன்னீர்கள்? டெஸ்ஸா, மூன்றாம் வகுப்பு.'

வெர்ன் அதை வாளியில் திரும்பப் போடவில்லை. இரண்டாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கடைசில படிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

லொரெய்ன் பேனாவின் தலையை அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். ஆர்லீன் என்பது சும்மா ஒரு சாக்கு. அது அவளுக்கே தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று மார்ச், இதே ஜிம்மில் பள்ளி அணியின் இறுதி ஆட்டம். நான்கு விநாடி பாக்கி, ஒரு புள்ளி பின்தங்கல். மூலையிலிருந்து பதினைந்தாம் எண் சட்டைக்காரன் பந்தை எறிந்தான், கூடையில் விழுந்தது. வெர்ன் தொண்டை கிழியக் கத்தினார்: "ப்ரூயிட்! டுவைட் ப்ரூயிட்! நம்ம உசுரைக் காப்பாத்திட்டான்யா!" ஆனால் எறிந்தவன் ப்ரூயிட் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு முன் நடந்த இழுபறியில் ஹென்ஸ்லியின் முப்பத்திரண்டாம் எண் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது. பெஞ்சில் இருந்த ப்ரூயிட் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். கூரையை ஒட்டிய வர்ணனை மேசையிலிருந்து பார்த்தால் தெரிவது எண் மட்டும்தான். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய முடி.

மறுநாள் செய்தித்தாளில் சரியாகத்தான் வந்தது. அந்தத் தாளை அந்த வாரமே அடுப்பு மூட்டப் போட்டுவிட்டார்கள். வெர்னின் குரலோ ஒவ்வொரு மார்ச்சிலும் வானொலியில் ஒலித்தது. ஆர்லீனின் புருஷனான ப்ரூயிட்டுக்கு உணவகத்தில் வருடத்துக்கொரு முறை ஆப்பிள் பை என்கிற பழப் பணியாரம் இலவசம். அவன் சவ அடக்கத்தில்கூட அந்த ஒலிநாடாவைப் போட்டார்கள்.

இவ்வளவும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். சட்டை கைமாறியதை லொரெய்ன் தொலைநோக்கியில் பார்த்தாள். தன் தாளில் '32 இப்போது 15' என்று எழுதியும் வைத்தாள். அதை வெர்ன் பக்கம் தள்ளவில்லை. இடைவேளையில் அவள் கூட்டலில் ஒரு தவறு வந்திருந்தது. "நம்ம லொரெய்னோட கணக்கு சோளப்பொரிக்காரனோட ஓடிப் போயிடுச்சு," என்று வானொலியிலேயே சொல்லிவிட்டார் அந்த மனிதர். ஜிம்மே சிரித்தது. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. கண் இருக்கிறதல்லவா, அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள். அடுத்த இடைநிறுத்தத்தில் சொல்லலாம் என்றும் நினைத்தாள். இடைநிறுத்தம் வரவே இல்லை.

அந்த வாரமே வெர்ன் கண் டாக்டரிடம் போனார். தேவையில்லாத ஒரு கண்ணாடியோடு திரும்பி வந்தார்.

இப்போது மேடையில் கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டத்துக்கு நடுவே ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர். வேண்டிக்கொள்வேன் என்றார் வெர்ன். வாயில் நுழையாத பெயர்களை எப்படிச் சொல்கிறீர்கள் என்று இன்னொருவர். அந்தப் பையனின் அம்மாவிடம் கேட்டுக்கொள்வாராம். தப்பாகச் சொன்னால் அடிக்க வருகிறவள் அவள்தானே. தும்மல் வந்ததுண்டா, எதிர் அணி ஆடுவது பிடித்துப் போனதுண்டா. கூட்டம் சிரிக்கச் சிரிக்க, லொரெய்ன் சீட்டுகளை எண்ணினாள். பதினேழு. இருபத்திரண்டு. வாளி காலியாகிக்கொண்டே வந்தது. அவள் கண் அவருடைய சட்டைப் பையை விட்டு நகரவில்லை.

இருபத்தொன்பதாவது சீட்டு இரும்புக் கடைக்காரருடையது. ஒவ்வொரு கூடை விழுந்ததும் லொரெய்ன் பக்கம் ஏன் ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறீர்கள், சம்திங் சம்திங்கா?

ஜிம் ஊளையிட்டது. வெர்ன் சிரிக்கவில்லை.

"என் கண்ணை நான் நம்புறதில்ல. அவ தலையாட்டினாத்தான் எனக்கு அது கூடை," என்றார்.

பிறகு பையிலிருந்த சீட்டை எடுத்து, ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

பின் வரிசையில் ஒரு சின்னப் பெண் நாற்காலிமேல் ஏறி நின்றாள். அவள் கவுனைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கப் பார்த்தார் லோவெல் ஹென்ஸ்லி. அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. எல்லோரும் முன் வரிசையைத்தான் பார்த்தார்கள். ஆர்லீன் ப்ரூயிட் கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க? கல்யாணமான மொத வாரமே டுவைட் சொல்லிட்டான். அந்த ஓசி ஆப்பிள் பையைத் தின்னும்போதெல்லாம் லோவெல் கடைக்குள்ள வந்துடுவானோன்னு வாசலையே பாத்துட்டிருப்பான், பாவம். ஒரு நாளும் நிம்மதியா தின்னதில்ல."

முதலில் சிரித்தது லோவெல்தான். லொரெய்னின் சாக்கு அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

வெர்ன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "டெஸ்ஸா கண்ணு, அந்தப் பந்தைப் போட்டது உங்க தாத்தாதான். தப்பு என் கண்ணோடது. பக்கத்துல இவ எல்லாத்தையும் சரியா எழுதிட்டிருந்தா, நான் ஒரு தரம் திரும்பிப் பாத்திருக்கணும். பாக்கல. அதுக்கப்புறம் பாக்காம இருந்ததே இல்ல."

கைதட்டல் எழுந்தது. அவர் அவள் பக்கம் கையை நீட்டினார், எழுந்து நில் என்று. ஊர் அவளுக்காகத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னப் பெண்கூடத் தட்டினாள்.

லொரெய்ன் எழுந்தாள். பேனா கீழே விழுந்து மேசைக்கடியில் உருண்டது. அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தட்டல் ஓயும்வரை காத்திருந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"சட்டை மாறினதை நான் பாத்தேன் வெர்ன், எழுதியும் வச்சேன், உன் மேல இருந்த கோவத்துல சொல்லாம விட்டுட்டேன்."