மணல் உலர்ந்தது

விசாரணை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் ஓட்டுநர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷமாக தெருவில் ஓடும் மின்சார டிராம் பெட்டியை நின்றுகொண்டே ஓட்டியவர். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்று ஓட்டுநர்களுக்குக் கம்பெனி இருக்கை வைத்ததில்லை. அதனால் சும்மா உட்கார்ந்திருப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

பக்கத்தில் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. பணிமனையில் மணல் வறுப்பவன். மழையில் தண்டவாளம் வழுக்கினால் ஓட்டுநர் ஒரு கட்டையை மிதிப்பார். குழாய் வழியே மணல் கொட்டும், சக்கரம் பிடித்துக்கொள்ளும். அதற்கு மணல் பொலபொலவென்று இருக்க வேண்டும். இந்த வருஷம் மழை தொடங்கிய அன்றே, சிக்கனம் என்று சொல்லி, மணலை உலர்த்தும் அடுப்புக்குக் கரி தருவதை நிறுத்திவிட்டார்கள். யார் மூளையில் உதித்ததோ, அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

போன வாரம் சரிவில் பெட்டி சறுக்கி, கீழே நின்றிருந்த இன்னொரு பெட்டியில் மோதியது. நடத்துநருக்குக் கை ஒடிந்தது.

"உன்னையும் கேப்பாங்க," என்றார் ஓட்டுநர். "மோதுறதுக்கு முன்னாடி பத்து நாளா அடுப்பு எரியலன்னு மட்டும் சொல்லு. அது போதும், என் வேலை பிழைச்சிடும்."

"சொல்றேன் அத்தான்."

"உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

மைத்துனன் நகக்கண்ணில் இருந்த மணலை நோண்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே கண்காணிப்பாளர் நோட்டைத் திருப்பி வைத்தார். வண்டி எடுக்கும் முன் ஓட்டுநர் மணலைத் தொட்டுப் பார்த்து, 'மணல் உலர்ந்தது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து நாளும் அவர் கையெழுத்து இருந்தது. எல்லா ஓட்டுநர்களின் கையெழுத்தும் இருந்தது. போடாதவனுக்கு அன்றைக்கு வண்டி கிடையாது.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதாங்க."

"ஈரம்னு தெரிஞ்சு போட்டியா, பாக்காமலே போட்டியா?"

எதைச் சொன்னாலும் கழுத்துக்குக் கத்திதான். கண்காணிப்பாளர் மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. மணல் எப்படி இருந்துச்சு?"

அவன் நோட்டைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான்.

"காஞ்சுதாங்க இருந்துச்சு."

அவனுக்கு மூன்று குழந்தைகள். கடைசியது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. அவனுக்காகக் கெஞ்சி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே ஓட்டுநர்தான். அவன் சொன்னது அவருக்குக் கேவலமாகப் பட்டது. அவன் இடத்தில் இருந்தால் தானும் இதையேதான் சொல்லியிருப்போம் என்று தோன்றியபோது அதைவிடக் கேவலமாக இருந்தது.

"நாளையிலேருந்து உனக்கு வேலை இல்ல," என்றார் கண்காணிப்பாளர். "சாயங்கால வண்டிக்கு ஆள் இல்ல. அதை மட்டும் ஓட்டிட்டு, வண்டி ஓட்டுற கைப்பிடியை ஒப்படைச்சிட்டுப் போ."

"எனக்கு ஓட்டத் தெரியலன்னுதானே நிறுத்துறீங்க?"

"ஓட்டினா கம்பெனி வீட்டைக் காலி பண்ண ஒரு மாசம். இல்லேன்னா நாளைக்கே சாமானைத் தூக்கணும்."

ஐந்து மணிக்கு மழை வலுத்தது. பெட்டியில் உட்கார இடமில்லை. ஆலை விட்டு வந்த பெண்கள் நனைந்த குடைகளை மடக்கிக்கொண்டு நடுவழியில் நின்றார்கள். மைத்துனன் மணல் வாளியைத் தூக்கி வந்தான். கூடவே கண்காணிப்பாளர், நோட்டும் பேனாவுமாக.

"அத்தான், அக்காகிட்ட நான் எப்படி..."

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீ புள்ளைங்களைப் பாரு."

ஓட்டுநர் வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி அழுத்தினார். கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றது. கண்காணிப்பாளரின் முகத்துக்கு நேராக அதை நீட்டினார்.

"நேரமாச்சு," என்றார் கண்காணிப்பாளர், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

பெட்டிக்குள் ஒரு குழந்தை அழுதது. ஓட்டுநர் உருண்டையை வாளியில் போட்டுவிட்டு அதே கையால் பேனாவை வாங்கி, கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்தின் மேல் மணல் ஒட்டிக்கொண்டது. கண்காணிப்பாளர் ஊதிப் பார்த்தார். போகவில்லை. புறங்கையால் தட்டிப் பார்த்தார். பிறகு நோட்டை அப்படியே மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டி கிளம்பலாம் என்று கையை ஆட்டினார்.