திசை மாறிய குருவி

ஒரு அட்டையின் விலை பதினைந்து. மூன்றாக வாங்கினால் நாற்பது. கடைக் கண்ணாடியில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தது.

வியாபாரக் குடும்பத்தில் பிறந்த தையற்காரிக்கு முதலில் அந்த விலைதான் கண்ணில் பட்டது. பிறகுதான் வாழ்த்து அட்டையிலிருந்த குருவியைப் பார்த்தாள். ஒரு சிறகை விரித்து, மறு சிறகை மடித்து, வாயில் நூலைக் கவ்வியிருந்தது. அவள் செதுக்கிய குருவியேதான். ஆனால் அவளுடையது வலப்பக்கம் பார்க்கும். இது இடப்பக்கம் பார்த்தது.

பையில் அவளுடைய அட்டைகள் நாற்பது இருந்தன. பள்ளிக்கூட ரப்பரைப் பிளேடால் செதுக்கி முத்திரையாக்கி, அச்சகத்தில் வெட்டி எறியும் அட்டைத் துண்டுகளைக் கெஞ்சி வாங்கி, ஒரே ஒரு மை டப்பாவை வைத்துக்கொண்டு செய்தவை. இந்தக் கடை மட்டும் வாங்கிக்கொண்டால் பேன்ட் ஓரம் மடிக்கும் வேலைக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடலாம் என்று வந்திருந்தாள்.

கடைக்காரர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இதே மாதிரி ஏற்கெனவே வருது. மாசம் நூறு கார்டுன்னு பேசி முடிச்சாச்சு."

"யார் குடுக்கறாங்க?"

கேட்கவே வேண்டியதில்லை. அந்தக் குருவியை அவள் ஒரே ஒரு தடவைதான் அச்சுக் குத்தினாள், அக்கா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது. 'அக்காவுக்கு மட்டும்' என்று அடியில் எழுதி, முத்திரையை நூல் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள். இருந்தாலும் வேறு யாராவதாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஸ்கூல் ஆபீஸ்ல கணக்கு எழுதற அம்மா. என்கிட்டயே பேரம் பேசி ஜெயிச்ச ஒரே ஆளு," என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

அக்காவேதான்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க ரப்பர் தூள். "வாடி, காபி போடட்டுமா?" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"அந்தக் குருவி என்னோடது."

"குருவிக்கு உனக்கு யாருடி பட்டா எழுதிக் குடுத்தா? நான் என்ன அப்படியேவா போட்டேன்? உன்னுது அந்தப் பக்கம் பாக்கும், என்னுது இந்தப் பக்கம் பாக்கும். வேணும்னேதான் மாத்தினேன்."

வேண்டுமென்று ஒன்றும் மாற்றவில்லை. அச்சில் வலப்பக்கம் பார்க்க வேண்டுமானால் ரப்பரில் இடப்பக்கம் பார்க்கச் செதுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் சறுக்குவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, பிளேடு பிடிப்பதிலிருந்து அட்டைத் துண்டு எங்கே சும்மா கிடைக்கும் என்பதுவரை தங்கை சொல்லிக்கொடுத்தாள். எந்தக் கடை வாங்கும் என்பதைக்கூட. மருந்து நேரம் வந்ததால் இந்த ஒன்றை மட்டும்தான் சொல்லாமல் விட்டாள். எவ்வளவு ஆசையாகக் கேட்கிறாள் என்று அன்றைக்கு உருகிப்போயிருந்தாள்.

"நான் குடுத்த கார்டு எங்கே?"

அது மேசைமேலேயே இருந்தது, மை டப்பாவுக்கு அடியில், மேசையில் கறை படாமலிருக்க. குருவியின் கழுத்தில் குறுக்கே பிளேடு கோடுகள். 'மட்டும்' என்ற சொல்லின்மேல் கட்டைவிரல் ரேகை.

அக்கா அலமாரியைத் திறந்து நோட்டுகளை எண்ணினாள். "உன்னை விட்டுடுவேனாடி? பாதி உனக்கு. பிடி."

தையற்காரி கை நீட்டவில்லை. கறை படிந்த அட்டையைத் திருப்பிப் போட்டு, துணியில் குறி வைக்கிற பென்சிலால் எழுதினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் இரண்டு, ஆறு. பிளேடு ஒன்று, இரண்டு. மை டப்பா ஒன்று, பன்னிரண்டு. ஆக மொத்தம் இருபது. அக்கா கையிலிருந்து சரியாக இருபதை மட்டும் எடுத்துக்கொண்டு, 'வரவு, இருபது' என்று எழுதினாள். அதற்குக் கீழே 'குருவி ஒன்று'.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அதுக்கு எவ்வளவுன்னு போடலையே."

"நீதான் கடையில விலை ஒட்டியிருக்கியே. எனக்குப் போடத் தெரியலை."

எதிரே இருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, அடியில் ஒரு கோடு இழுத்து, பாக்கி என்று எழுதினாள்.