தலைவரின் புது பூட்ஸ்

புதுத் தோல் பூட்ஸ் விறைப்பாக இருக்கும். யாராவது சில நாள் போட்டு நடந்தால்தான், விரல்கள் மடங்கும் இடத்தில் தோலும் மடங்கப் பழகும். அந்நிய கவர்னருக்காக அப்படி நடந்து கொப்புளம் வாங்கியவர், மாளிகை வேலைக்காரர். இருவருக்கும் கால் அளவு ஒன்று என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

புரட்சி வென்று கவர்னர் கப்பலேறியதும், வேலை போய்விடுமோ என்று இவர் நடுங்கினார். அந்த வாரமே, வெறுங்கால் மக்களின் தோழன் என்று மேடையில் முழங்கிய புதிய தலைவரிடமிருந்து, போட்டுப் பழக்கித் தரச் சொல்லிப் புது பூட்ஸ் வந்தது. அது இவர் காலைவிடச் சின்னது.

"நாட்டுக்கே விடுதலை வந்தாச்சு, உங்க காலுக்கு வரலையா? திருப்பி அனுப்புங்க," என்றாள் மனைவி.

"சும்மா இருடி. வேலை தப்பிச்சுதே!"

"விரல் தப்பிக்காது."

குதிகாலில் எண்ணெய் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் திணித்தார்.

"கால்தான்டி சின்னது. தலைவருக்கு மனசு ரொம்பப் பெருசு."